மெஷின் ஓடும்போது இருபது கிலோ

3.3.2008 திங்கள்

பனி விட்டுவிட்டது. மாசி முடியவில்லை, அதற்குள் வெயில். பத்து மணிக்கே தகரக் கூரை டப் டப்பென்று விரிகிற சத்தம்.

இன்று: தராசுத் தட்டு துடைக்க. சாக்குத் தைக்கிற நூல் கேட்டு வாங்க (கேட்கவில்லை, நாளை).

குமுளிக் கடையிலிருந்து போன். முதலாளி பேசியது எங்கள் அரிசி மில் முழுக்கக் கேட்டது. "என்ன சேட்டா, சிப்பம் குறையுதா? எல்லாமேவா? சிலதா? கூடினது இருந்தா அதையும் சொல்லுங்க. அத மட்டும் சொல்ல மாட்டீகளே."

போனை வைத்துவிட்டு நேராக என்னிடம். (இனி முதலாளியை மு. என்றுதான் எழுதுவேன். நோட்டு யார் கையிலாவது சிக்கினால்?)

"ஏ ஈஸ்வரி, கவனமாத்தேன் போடுறியா ஆத்தா?"

தலையாட்டினேன். அதற்கு மேல் வாய் வரவில்லை.

என் வேலை இவ்வளவுதான். மேலே தொட்டியிலிருந்து அரிசி பைக்குள் விழும். தராசில் எண் ஏறும். இருபத்தைந்து கிலோ வந்ததும் கைப்பிடியை இழுத்து அடைப்பேன். அது ஒரு சிப்பம். காஜா அண்ணன் வாய் தைத்துத் தள்ளுவார். அவர்தான் மில்லில் மேஸ்திரியும். நாள் முழுக்கப் பேச வேண்டியதில்லை, எண்ணைப் பார்த்தால் போதும். அதனால்தான் இந்த இடம் எனக்குப் பிடித்தது.

பகல் பாங்கு. மு.வின் அத்தா காலத்திலிருந்து வழக்கம், பாங்குச் சத்தம் கேட்டதும் எல்லா மெஷினும் நிற்கும். தொழுகிறவர்கள் அடுத்த சந்திலுள்ள பள்ளிவாசலுக்கு. மற்றவர்கள் தூக்குவாளியைத் திறப்பார்கள். அந்த நேரத்தில்தான் நான் தட்டைத் துடைத்து, இருபது கிலோ எடைக்கல்லை வைத்துத் தராசைச் சோதிப்பேன். மெஷின் ஓடும்போது அதற்கு இடமே இருக்காது, சிப்பம் ஏறிக்கொண்டே இருக்கும்.

இன்று மு. பள்ளிக்குப் போகுமுன் நின்று பார்த்தார். 20.00. அசையவில்லை.

"தராசு சுத்தமா இருக்கு" என்றார்.

தராசு சரி. அப்படியென்றால் சரியில்லாதது நான்.

அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். "அந்த எடைப் பொட்டி போச்சுன்னா ஜீப்புதேன் பாத்துக்க."

ஜீப் என்றால் ஏலத்தோட்ட ஜீப். விடியுமுன் தெருமுனையில் ஹாரன். மலை ஏறிக் கேரளத்துக்குள் போய் அந்தியில் திரும்பும். அம்மா தினமும் போகிறாள். ஒரு மாதம் நானும் போனேன். ஒவ்வொரு வளைவிலும் குடல் வாய்க்கு வரும். ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து பாட்டு, கேலி. "ஊமச்சி ஒரு பாட்டுப் பாடு" என்று என் காதைத் திருகுவார்கள். ஊமை என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள்.

4.3.2008 செவ்வாய்

வெயில். நூல் கேட்டுவிட்டேன். (கேட்கவில்லை, காஜா அண்ணனே பார்த்துக் கொடுத்தார்.)

மு. இரண்டு சிப்பத்தை எதிர் மளிகைக் கடைக்குத் தூக்கிப் போகச் சொன்னார். அந்தத் தராசில் ஒன்று குறைவு, ஒன்று கூடுதல்.

காஜா அண்ணன்: "எடுத்திருந்தா எல்லாமே குறையணும். ஒண்ணு கூடுது, ஒண்ணு குறையுதுன்னா அது களவில்ல மொதலாளி, தூக்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். களவு இல்லை என்று சொன்னது எனக்கு ஆதரவா, தூக்கம் என்றது கேலியா. இரண்டும் ஒரே வாக்கியத்தில். எதற்கு முகத்தை வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

பிறகு எலெக்ட்ரீசியன் செல்வம் அண்ணன் வந்தார். சின்னமனூர்க்காரர். சுவரில் மாட்டிய சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்து தூசி ஊதினார். அதற்குப் பெயர் டிரைவ். தை மாதம் மாட்டியது. அதற்கு முன் பாலிஷ் மெஷின் எடுத்த எடுப்பிலேயே உதறிக்கொண்டு ஓடும். பெல்ட் அறும். அரிசி உடைந்து குறுணை விழும். இப்போது மெதுவாக எழுந்து மெதுவாக வேகம் பிடிக்கிறது. டிரைவ் என்றால் மு.வுக்குப் பெருமை.

செல்வம் அண்ணன்: "தராசுக் கோளாறு இது மாட்டுன பெறகுதேன். ஃபில்டர் போடணும்னு நெனைக்கிறேன்."

மு. கோயம்புத்தூருக்குப் போன் போட்டார், டிரைவ் விற்ற கம்பெனிக்கு. அங்கே சொன்னது, மு. வாய் வழியாக: "மில்லுக்கு ஃபில்டர் தேவையில்லையாம். வீடு, ஆஸ்பத்திரி பக்கத்துல ஓடுனாத்தேன் கட்டாயமாம்."

செல்வம் அண்ணன்: "தேவையில்லைன்னா தராசு ஏன் ஆடுது?"

மு.: "தராசு ஆடலையேய்யா. நேத்து நானே பாத்தேனே, கல்லு வச்சா கல்லு மாதிரி நிக்குது."

ஃபில்டர் என்று எனக்குத் தெரிந்தவை: டீ வடிகட்டி. தண்ணீர் ஃபில்டர். கரண்டில் எதை வடிகட்டுவது?

யாரோ இதையே கேட்டார்கள். செல்வம் அண்ணன் சொன்னது அப்படியே: "பாலீஷ் போடுறப்ப தவிடு பறக்குதுல்ல. பை கட்டலைன்னா எதுத்த வீட்டுத் துணியெல்லாம் தவிடு. டிரைவும் கரண்ட வெட்டி வெட்டித்தேன் மோட்டாருக்கு அனுப்புது. வெட்டுற எடத்துல செதறும். அந்தச் செதறலு பக்கத்து வயர்ல ஏறும். ஃபில்டருங்கறது தவிட்டுப் பை."

தவிட்டுப் பை புரிகிறது. ஆனால் தவிடு கண்ணுக்குத் தெரியும். இது?

காஜா அண்ணன் ரேடியோ பொங்கலிலிருந்து கர்ர் என்கிறது. பழசாகிவிட்டது என்று தட்டிக்கொண்டே இருக்கிறார்.

5.3.2008 புதன்

காலையில் கரண்ட் இல்லை. எல்லோரும் வேப்பமரத்தடியில். கரண்ட் வந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. லாரி வேறு காத்து நிற்கிறது.

மு.: "இன்னைக்கு மட்டும் ரெண்டு பங்காப் போயிட்டு வாங்கப்பா. மெஷின் நிக்க வேணாம்."

இந்த மில்லில் பாங்கு கேட்டும் மெஷின் நிற்காமல் ஓடியது நான் பார்க்க இதுதான் முதல் தடவை. காஜா அண்ணன் முதல் பங்கில் போய்விட்டார். தைக்க ஆள் இல்லை, சிப்பம் இறங்கவில்லை, தொட்டி மட்டும் நிறைந்துகொண்டிருந்தது. பாங்கு கேட்டதும் கை தன்னால் துணியை எடுத்தது. தட்டைத் துடைத்தேன். கல்லை வைத்தேன்.

20.14.

திரும்பத் துடைத்தேன். 19.88. கல்லை இறக்கித் துணியில் தேய்த்தேன். 20.06. பார்த்துக்கொண்டே இருக்கும்போது 19.92.

அரிசி விழும்போது எண் ஆடும், எப்போதும் ஆடும். விழுகிற அரிசியால் என்று நினைத்திருந்தேன். இப்போது அரிசி விழவில்லையே.

தரை அதிர்கிறது, அதனால் என்று நினைத்தேன். காலில் அதிர்வு தெரிகிறது. அதுவாகத்தான் இருக்கும்.

காஜா அண்ணன் திரும்பி வந்தார். கல்லை எடுத்து வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மெஷின் நின்றதும் மறுபடி வைத்தேன். 20.00.

ஒரே கல். ஒரே தராசு. எது பொய்?

இத்தனை நாளும் மெஷின் நின்ற நேரத்தில்தான் சோதித்தேன். மு. பார்த்ததும் அந்த நேரத்தில்தான். தராசு, சோதிக்கும்போது நல்ல பிள்ளை. வேலை நேரத்தில் வேறு.

யாரிடமாவது சொல்ல வேண்டும். யாரிடம். எப்படி ஆரம்பிப்பது. "மொதலாளி, ஒண்ணு சொல்லணும்" என்று குழாயடியில் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

6.3.2008 வியாழன்

கூடப் படித்த தனலட்சுமி வழியில். பத்தாவது பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வாங்கப் போகிறாளாம். "நீயும் இருந்திருந்தா என் பின்னாடி நம்பர்தேன் உனக்கு" என்றாள். சிரித்து வைத்தேன்.

ஒன்பதாவதில் டீச்சர் "வாசி" என்று எழுப்பி விடுவார்கள். எழுத்தெல்லாம் தெரியும். வாய்தான் திறக்காது. ஒருநாள் வகுப்பே சிரித்தது. மறுநாள் வயிற்றுவலி என்றேன். அப்புறம் எதுவும் சொல்ல வேண்டி வரவில்லை. அம்மாவும் கேட்கவில்லை, ஜீப்புக்கு நேரமாகிவிட்டது.

இன்று சொல்லவே முடியவில்லை. மூன்று தரம் மு. என் பக்கம் வந்தார். ஒவ்வொரு தரமும் குனிந்து சாக்கை எண்ணினேன். அவர் போய்விட்டார்.

கடைசியில் இதைத்தான் செய்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கல்லைத் தட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டேன். சிப்பம் போடவில்லை.

காஜா அண்ணன்: "ஏ புள்ள, கல்ல எடு. தொட்டி வழியப் போகுது."

எடுக்கவில்லை.

"காது கேக்கலையா? ஏ ஈசு."

எடுக்கவில்லை. மு. வந்துவிட்டார். "என்னய்யா சத்தம்?"

தராசைக் காட்டினேன். விரலால். 20.11, 19.94, 20.03.

மு. குனிந்து வெகுநேரம் பார்த்தார். "யாரு வச்சது இத?"

காஜா அண்ணன்: "அவதேன். வாயத் தொறந்து சொன்னா முத்து உதிந்துரும்."

மு. மெஷினை நிறுத்தச் சொன்னார். 20.00. ஓட்டச் சொன்னார். ஆடியது. "அல்லா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை எடுக்கப் போனார்.

என்னைத் திட்டவில்லை. பாராட்டவும் இல்லை. கோபமாக இருக்கிறாரா தெரியவில்லை.

7.3.2008 வெள்ளி

மில் லீவு. அம்மாவுக்கு ஞாயிறு, எனக்கு வெள்ளி. ஒரே வீட்டில் இருவருக்கும் ஒருநாளும் சேர்ந்து லீவு கிடையாது.

துணி துவைத்தேன். மலைப்பக்கம் மேகம், மழை இல்லை.

மூன்று பேச்சு. 1. கோயம்புத்தூர்: மில்லுக்குத் தேவையில்லை. 2. செல்வம் அண்ணன்: தேவை. 3. மு.: தரை அதிர்வாக இருந்தால் எதற்கு வாங்குவது. மூன்றையும் கேட்கும்போது மூன்றும் சரியாகத்தான் படுகிறது. யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர் பக்கம் சாய்கிறேன்.

8.3.2008 சனி

தரைதான் காரணம் என்ற என் நினைப்பு தப்பு.

செல்வம் அண்ணன் டிரைவை விலக்கிவிட்டு, பழைய ஸ்டார்ட்டரிலேயே பாலிஷ் மெஷினை ஓட்டிக் காட்டினார். உதறிக்கொண்டு கிளம்பியது. முன்பைவிட அதிகமாகத் தரை அதிர்ந்தது. கல் தட்டில். 20.00. ஆடவே இல்லை. காஜா அண்ணன் ரேடியோ தெளிவாகப் பாடியது. அவர் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ ஏமாற்றிவிட்டது போல.

அப்படியானால் டிரைவ்தான். தராசு நல்லது. டிரைவும் நல்லது. இரண்டும் ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை.

"அப்ப டிரைவத் தூக்கிப் போட்டுறவா?" என்றார் மு. அதே நேரம் பெல்ட் அறுந்து விழுந்தது. யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுபடி கோயம்புத்தூருக்குப் போன். திங்கட்கிழமை ஆள் வருகிறது. அதுவரை பழைய இரும்புக் கட்டைத் தராசில் எடை. அதற்கு ஆண்கள் இரண்டு பேர் வேண்டும். நான் சாக்கு உதறினேன்.

9.3.2008 ஞாயிறு

சாக்கு உதறல். தும்மல். அம்மா வீட்டில், கருவாட்டுக் குழம்பு.

"என்னாச்சு எடைப் பொட்டி?"

"ஆள் வருது நாளைக்கி."

"வந்து?"

தெரியவில்லை என்றேன். அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். "கங்காணி கேட்டாக. ஒரு எடம் இருக்காம் ஜீப்புல. சனிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

10.3.2008 திங்கள்

தலைவலி. முழுவதையும் எழுதிவிட வேண்டும், மறக்குமுன்.

கோயம்புத்தூர்க்காரர் சின்ன வயசு. டிரைவ் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஃபில்டர் வெளியில வாங்க வேண்டியதில்லீங்க. உள்ளயே ஒண்ணு இருக்குதுங்க. ஆனா அதை எர்த்தோட சேக்கற ஸ்க்ரூ ஒண்ணு இங்க இருக்கோணும். அது எங்கீங்கண்ணா?"

செல்வம் அண்ணன்: "நாந்தேன் கழட்டுனேன்."

கோயம்புத்தூர்க்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"அதப் போட்டா மெயின் சுவிட்ச் விழுகுது தம்பி. கரண்டு கசிஞ்சா ஆளக் காப்பாத்துறதுக்கு வச்ச சுவிட்சு. மாட்டுன அன்னைக்கே நாலு வாட்டி விழுந்துச்சு. உங்க புத்தகத்துலயே போட்டிருக்கு, விழுந்தா அந்த ஸ்க்ரூவக் கழட்டலாம்னு."

"ஆமாங்க. போட்டிருக்குதுங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருவரும் சரி. அது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மு.: "ஒரு வாரமா வாங்கவா வேணாமான்னு ஊரெல்லாம் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன். உள்ளயே கெடக்குன்னு எவனாச்சும் சொன்னீகளாடா?"

செல்வம் அண்ணன் வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு ஸ்க்ரூ கொண்டுவந்து மாட்டினார். ஓட்டினார்கள். கல்: 20.00. ரேடியோ பாடியது. சந்தோஷம் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இல்லை. டப். மெயின் சுவிட்ச் விழுந்தது. மில் இருட்டு. தூக்கிவிட்டார்கள். மறுபடி டப்.

ஸ்க்ரூவைக் கழற்றினால் மில் ஓடுகிறது, தராசு பொய் சொல்கிறது. மாட்டினால் தராசு உண்மை சொல்கிறது, மில் நிற்கிறது.

ஃபில்டர் வேண்டுமா வேண்டாமா? இப்போது கேட்டால் நான் என்ன சொல்வேன்? யாரும் கேட்கப்போவதில்லை. இருந்தாலும்.

கோயம்புத்தூர்க்காரர் தரையில் சாக்பீஸால் படம் போட்டார். நான் சாக்கு மறைவிலிருந்து பார்த்தேன். தவிட்டுப் பைக் கணக்கிலேயே யோசித்தேன். பை தவிட்டைப் பிடிக்கிறது. பிடித்ததை எங்கே கொட்டுவது? எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள். மண்ணுக்குப் போகிற கரண்டைப் பார்த்ததும் சுவிட்ச், யாரையோ ஷாக் அடிக்கிறது என்று பயந்து விழுந்துவிடுகிறது. சுவிட்ச் மேல் தப்பு இல்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் சொன்ன வழி: டிரைவுக்குத் தனி லைன், அதற்குக் கொஞ்சம் கசிவைப் பொறுத்துக்கொள்ளும் வேறு சுவிட்ச். மற்ற லைனுக்குப் பழையதே இருக்கும். எர்த் குழியைப் புதிதாகப் போட வேண்டும். தராசு வயரும் மோட்டார் வயரும் ஒரே ஆணியில் கட்டியிருக்கின்றன, பிரிக்க வேண்டும்.

மு.: "ஆளுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல? அரிசி குறைஞ்சாக் குடுத்துக்கலாம்."

"ஆவாதுங்க. எர்த் நல்லா இருக்கோணும், அவ்வளவுதாங்க."

சுவிட்ச் மதுரையிலிருந்து வர வேண்டும். என்னிடம் மு.: "ரெண்டு மூணு நாள் வீட்ல இரு ஆத்தா. சொல்லி விடுறேன்."

சொல்லி விடுவாரா? இரும்புத் தராசே போதும் என்றாகிவிட்டால்?

12.3.2008 புதன்

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

விடியுமுன் ஹாரன். அம்மா கிளம்பினாள். ஹாரன் கேட்டதும் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

மழைத் தூறல். காயப்போட்ட மிளகாயை உள்ளே எடுத்தேன்.

சாயங்காலம் அம்மா: "மில்லுல இருந்து ஆள் வந்துச்சா?"

இல்லை.

"அப்பச் சனிக்கிழம உனக்குஞ் சேத்துச் சோறு கட்டிருறேன்." என் முகத்தைப் பார்க்காமல் காலில் ஒட்டிய அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

சரி என்றேன். சரியா என்று எனக்கே தெரியவில்லை.

13.3.2008 வியாழன்

காஜா அண்ணன் சைக்கிளில் தெருவுக்கே வந்துவிட்டார். "மொதலாளி கூப்புடுறாக. செருப்பப் போடு."

மில்லில் புதுக் கம்பிகள். எர்த் குழியில் ஈர மண். தராசு வயர் தனியாக எதிர்ச் சுவர் வழியாக. ஸ்க்ரூ மாட்டியாயிற்று. மு. டிரைவ் பெட்டி முன்னால், செல்வம் அண்ணன் சுவிட்ச் முன்னால். தராசு மில்லின் இந்தக் கோடியில், அவர்கள் அந்தக் கோடியில். நடுவில் மெஷின்.

மு. கத்தினார்: "வேகத்தக் கொஞ்சங் கொஞ்சமா ஏத்துறேன். கல்ல வச்சு எண்ணச் சொல்லிக்கிட்டே இரு."

வைத்தேன். மெஷின் கிளம்பியது. சொன்னேன்.

"கேக்கல."

சொன்னேன்.

"கேக்கல ஆத்தா."

காஜா அண்ணன் தைக்கிற ஊசியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் வந்தார். கேலி செய்யப்போகிறார் என்று நினைத்தேன். "நாஞ் சொன்னா நம்ப மாட்டாக. நீ பாக்குற எண்ணு. நீதேன் வாசிக்கணும்."

அந்தச் சொல். டீச்சர் எழுப்பிவிடுகிற சொல். எண்ணை மட்டும் பார்த்தேன். அது நின்றுகொண்டிருந்தது.

"இருபது" என்றேன். மு. கையை உயர்த்தினார். கேட்டுவிட்டது. வேகம் ஏறியது. இன்னும் சத்தமாக "இருபது." இன்னும் ஏறியது. தரை அதிர்ந்தது. "இருபது." தொண்டை கிழிந்தது. முழு வேகம். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நான் வாய் திறந்த அதே நேரம் பள்ளிவாசலில் பாங்கு. மு. மெஷினை நிறுத்திவிட்டார்.

"இருபதூ."

அவ்வளவு அமைதியில். மில் முழுக்க. எதிர் மளிகைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

யாரும் சிரிக்கவில்லை. மு. தொப்பியைப் போட்டுக்கொண்டே என்னைக் கடந்து போனார். "சனிக்கிழம வெள்ளனமே வந்துரு. கல்ல இனிமே மெஷின் ஓடும்போது வச்சுப் பாரு."

சாயங்காலம் வரை சுவிட்ச் விழவில்லை. நாளை லீவு. சனிக்கிழமை விழுமா? கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

அம்மா இன்னும் வரவில்லை. நான் வரவில்லை என்று கங்காணியிடம் சொல்லச் சொல்ல வேண்டும். தொண்டை கட்டிக்கொண்டது, காற்றுதான் வருகிறது.

ஜீப் சத்தம்.